மலர்கொடி விரட்டிய விஷங்கள்

என் தங்கை மலர்கொடி முதல் சுற்றில் ஜெயித்தவை: கொசுவத்திச் சுருள், பீரோவில் கிடந்த பாச்சா உருண்டை, கரப்பானுக்குக் கோடு போடும் சாக்பீஸ், கூல்டிரிங்ஸ் பாட்டிலில் ஊற்றி வைத்திருந்த கக்கூஸ் ஆசிட், மல்லிகை வாசம் என்று சொல்லி விற்ற ஸ்பிரே, கடைசியாக அவள் புருஷன் சடையப்பனின் பீடி. இதில் பீடிதான் பெரிய வெற்றி. மற்றவை எதிர்த்துப் பேசாது. எல்லாவற்றையும் அவள் மூக்கை மட்டும் நம்பி ஜெயித்தாள். எங்கள் குடும்பத்திலேயே நீளமான மூக்கு அவளுடையது. கூடப் பிறந்த அக்கா நான், பெருமையாகவே சொல்கிறேன்.

மரக்காணத்தில் உப்பளத்தை ஒட்டிய தெருவில் அவள் வீடு. புருஷன் பொஞ்சாதி இரண்டு பேரும் உப்பளத்தில் கூலி வேலை. சடையப்பன் பாத்தியில் உப்பு வாருவார். இவள் வாரிய உப்பைத் தலையில் சுமந்து கரையில் கொட்டுவாள், மூட்டை பிடிப்பாள். ஒரே மகள் கீதாஞ்சலி. அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே இழுப்பு. பள்ளிக்கூடத்தில் கோ-கோ விளையாட்டு என்றால் அவளுக்கு உயிர். உட்கார்ந்திருக்கும் வரைக்கும் நன்றாக விளையாடுவாள். எழுந்து ஓடினால் நெஞ்சுக்குள் விசில் அடிக்கும்.

ஏழாம் வகுப்பில் இருக்கும்போது விளையாட்டு டீச்சர் சிவசங்கரி கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்: "பொண்ணு கால் நல்ல கால்மா. ஆனா இந்த இழுப்போட டீம்ல போட எனக்கு பயமா இருக்குது. அடுத்த வருஷத்துக்குள்ள சரி பண்ணிக் கூட்டியாங்க."

ஆஸ்பத்திரி டாக்டரம்மா உறிஞ்சுகிற மருந்து எழுதிக் கொடுத்தார். கூடவே, "மருந்து மட்டும் போதாது. வீட்டுக்குள்ள புகை ஆகாது, நெடி ஆகாது. அதையும் பாருங்க" என்றார்.

பாருங்க என்று அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். யாரிடம் சொல்கிறோம் என்று அவருக்குத் தெரியாது.

அன்று சாயந்திரமே சுருளும் பாச்சா உருண்டையும் குப்பைக்குப் போயின. கொசுவலை வந்தது. தரை துடைக்கப் பினாயிலுக்குப் பதில் கல்லுப்புத் தண்ணீர். உப்புக்கு அந்த வீட்டில் என்ன பஞ்சம்? உப்பளத்துக்குக் குடிதண்ணீர் எடுத்துப்போகச் சடையப்பன் ஒரு வெள்ளை கேன் வைத்திருந்தார். முன்பு பூச்சி மருந்து வந்த கேன். நன்றாகக் கழுவியதுதான் என்று அவர் சத்தியம் செய்தார். கடப்பாரையால் அதில் ஓட்டை போட்டுவிட்டுத்தான் தூக்கிப் போட்டாள், வேறு யாரும் எடுத்துவிடக் கூடாது என்று.

பீடி விஷயத்தில் நான் நேரிலேயே இருந்தேன்.

"வெளியிலதானம்மே குடிக்கிறேன்?" என்றார் அவர்.

"வெளியில குடிச்சிட்டு உள்ளதான வர்ற? சட்டையில ஒட்டிக்கினு அதுவும் கூடவே வருது."

"அப்போ சட்டையைக் கழட்டிட்டு வர்றேன்."

"மீசையை இன்னா பண்ணுவ? அதையும் கழட்டிடுவியா?"

அவர் என்னைப் பார்த்தார். "அண்ணி, நீங்களாச்சும் கேளுங்க."

நான் மீசையைப் பார்த்தேன். அவள் சொன்னது சரி என்றுதான் பட்டது. மாசி மாதம் தொடங்கிய சண்டை பங்குனியில் முடிந்தது. பீடி போயிற்று. மீசை தப்பியது.

இவ்வளவு செய்தும் இழுப்பு போகவில்லை. உப்புக் காலம் சூடு பிடித்ததும் அதிகமாயிற்று. மத்தியானம் தாண்டினால் கீதாஞ்சலி சுவரில் சாய்ந்து உட்கார்ந்து மூச்சை எண்ணுவாள். மலர்கொடி போனில் என்னிடம், "இன்னும் இன்னாக்கா இருக்குது இந்த வீட்ல? நானும் அவரும்தான் பாக்கி" என்றாள். கேலி பேச எனக்கு வாய் வரவில்லை.

மே மாத லீவுக்குப் பெண்ணை என்னிடம் அனுப்பினாள். நான் வாழ்க்கைப்பட்ட ஊர் கீழ்புத்துப்பட்டு. என் வீட்டைப் பற்றி ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். அவள் தூக்கிப்போட்ட எல்லாமே அங்கே இருந்தன. காலையும் மாலையும் பினாயில் போட்டுத் துடைப்பேன். துணி மடிப்புக்கு ஒரு பாச்சா உருண்டை. என் வீட்டுக்காரர் அர்ச்சுனனுக்குக் கொசு என்றால் நடுக்கம், கட்டிலுக்கு இந்தப் பக்கம் ஒரு சுருள், அந்தப் பக்கம் ஒரு சுருள். அப்படிப்பட்ட வீட்டில் கீதாஞ்சலி தெருப் பிள்ளைகளோடு பொழுதெல்லாம் ஓடினாள். இழுப்பு வரவில்லை.

மகளைக் கூட்டிப்போக வந்த மலர்கொடி வாசலிலேயே மூக்கைத் தூக்கினாள்.

"இன்னாக்கா இது? வீடா, மருந்துக் கடையா?"

"உன் பொண்ணையே கேளு."

"ஒரு நாள் கூட வரலம்மா," என்றாள் கீதாஞ்சலி, ஓடிவந்த மூச்சோடு.

சந்தோஷப்படுவதா, சண்டை போடுவதா என்று தெரியாத முகத்தை அன்றுதான் பார்த்தேன். ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. சமையல்கட்டில் தொடங்கினாள். பாத்திரம் தேய்க்கும் சோப்பை மோந்தாள், தலையணையை மோந்தாள், கொடியில் கிடந்த சட்டையை மோந்தாள்.

"ஏம்மா மலரு, அந்தச் சட்டை நாளைக்குத்தான் தோய்க்கிறதா இருந்தது," என்றார் என் வீட்டுக்காரர்.

"சும்மா இருங்க மாமா. இங்க எதுவோ ஒண்ணு இல்ல. அது இன்னான்னு பாக்குறேன்."

இருப்பதைத் தேடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். இல்லாததைத் தேடியவள் இவள் ஒருத்திதான்.

உப்பளத்திலிருந்து நேராக வந்திருந்தாள். உப்பு வேலை செய்த காலை வெந்நீர் ஊற்றிக் கழுவாவிட்டால் வெடிப்பில் உப்பு ஏறி எரியும். அக்னி நட்சத்திரத்திலும் அவர்களுக்கு வெந்நீர் வேண்டும். அதனால் தோட்டத்து அடுப்பில் தவலையை ஏற்றினேன். சவுக்குச் சருகை வைத்து, தென்னம் பன்னாடையைக் கிழித்துப் போட்டுப் பற்ற வைத்தேன். பின்னாலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தவள் கேட்டாள்.

"சாக்கு வெக்கல?"

"எந்த சாக்கு?"

"உப்பு சாக்குதான். கிழிஞ்சது."

"இங்க ஏதுடி உப்பு சாக்கு? அது உங்க ஊரு சொத்து."

துவைக்கிற கல்லில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

உப்பு மூட்டை பிடிக்கும் வெள்ளைப் பிளாஸ்டிக் சாக்கில் கிழிந்து போனதை உப்பளத்தில் யாரும் கேட்பதில்லை. எடுத்து வந்து நாடா நாடாவாகக் கிழித்து வைத்துக்கொள்வார்கள். சமையலுக்கு கேஸ் இருக்கிறது, ஆனால் கால் கழுவும் வெந்நீருக்கு கேஸை எரிக்க யாருக்கும் மனசு வராது. ஒரு நாடாவைப் பற்றவைத்தால் உப்பு படபடவென்று வெடிக்கும், பிளாஸ்டிக் சொட்டுச் சொட்டாக உருகி விறகைப் பிடித்துக்கொள்ளும். அவள் வீட்டில் வெந்நீர் அடுப்பு கிழக்குப் பக்கம், பின்வாசலை ஒட்டி. மத்தியானத்தில் கடல்காற்று கிழக்கிலிருந்துதான் வரும். அந்தப் பக்கத்து ஜன்னலுக்கு உள்ளேதான் கீதாஞ்சலியின் பாய்.

"புகைன்னா அது புகைன்னே தோணலக்கா. அடுப்பு பத்திக்கினா சரின்னு போயிடுவேன்," என்றாள். அப்புறம், "அந்த ஆளுகிட்ட நீயே சொல்லிடேன்," என்றாள்.

"முடியாது. நீ சொல்லு. நான் கூட வர்றேன்."

ஆறுதலுக்காகப் போனேன் என்று எழுதினால் பொய். சடையப்பன் முகத்தைப் பார்க்கத்தான் பஸ் ஏறினேன்.

அவள் மூச்சு விடாமல் சொல்லி முடித்தாள். அவர் முழுதும் கேட்டார். எழுந்து போனார். பரண் மேல் மழைக்காலத்துக்கு என்று அடுக்கியிருந்த கிழிசல் சாக்குகளை எல்லாம் இறக்கிக் கட்டாகக் கட்டினார். முடிச்சை இறுக்கிவிட்டுக் கேட்டார்.

"அப்போ என் பீடி?"

"அது போனது போனதுதான்."

"நான் இன்னா பாவம் பண்ணேன் அண்ணி?"

"மீசை இருக்குதே, அந்த மட்டுக்கும் சந்தோஷப்படுங்க," என்றேன்.

அன்று பாவமாக நின்ற மலர்கொடி, மறுவாரமே பழைய மலர்கொடி ஆகிவிட்டாள். பக்கத்து வீட்டு அடுப்பில் சாக்குப் புகை தெரிந்தால் வேலியைத் தாண்டிப் போய் நின்றாள். என் வீட்டுக்கும் வந்து இரண்டு சுருளையும் எடுத்துப்போட்டாள். "பொண்ணுக்கு ஒண்ணும் ஆகலன்னா உனக்கு ஆகாதுன்னு எழுதி வெச்சிருக்குதா?" என்றாள். என் வீட்டுக்காரர் இப்போது வலைக்குள் படுத்து, வலைக்கு வெளியே உள்ள கொசுவைத் திட்டுகிறார்.

இழுப்பு அடியோடு போய்விட்டது என்று நான் சொல்ல மாட்டேன். மருந்துக் குழாய் இன்னும் கீதாஞ்சலியின் பையில்தான் இருக்கிறது. ஆனால் எட்டாம் வகுப்புக்குப் பள்ளிக்கூடம் திறந்த பிறகு அவள் மைதானத்தை முழுதாகச் சுற்றி வந்தாள். சிவசங்கரி டீச்சர் திரும்பவும் ஒரு முறை ஓடவிட்டு, பக்கத்தில் நின்று மூச்சைக் கேட்டார். டாக்டரம்மாவிடமும் கேட்டு வரச் சொன்னார். அதன் பிறகே திண்டிவனத்துப் போட்டிக்கு அவள் பெயரைச் சேர்த்து, பெற்றோர் சம்மதச் சீட்டைக் கொடுத்து அனுப்பினார்.

மலர்கொடி ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த வாரமே பக்கத்துப் பையன் தலையில் ஸ்லேட்டை உடைத்துவிட்டு ஓடி வந்தவள். ரேஷன் கடையிலிருந்து பேங்க் வரைக்கும் கட்டைவிரல்தான். கீதாஞ்சலி மைப் பெட்டியை எடுத்து வைத்துக்கொண்டு சீட்டைப் படித்துக் காட்டினாள்: என் மகள் ஓடி விளையாடும் அளவுக்கு நலமாக இருக்கிறாள் என்று உறுதி கூறுகிறேன்.

"யாரு கூறுறது?" என்றாள் மலர்கொடி.

"நீதாம்மா."

"நான் கூறுறதுன்னா நான்தான் எழுதணும். மையை மூடு. எம் பேரை எழுதிக் காட்டு."

சீட்டைக் கொடுக்க இரண்டு நாள் இருந்தது. மகள் எழுதிக் கொடுத்ததைப் பார்த்து வாசல் சிமெண்டில் கரித்துண்டால் எழுதினாள், உப்பளத்தில் ஈர வரப்பில் குச்சியால் எழுதினாள். சடையப்பன் பார்த்துவிட்டு, "கொடி எங்கியோ படருது, கொம்பு வெச்சுக் கட்டு" என்றார். அவருக்கு அன்று சோறு தாமதமாகத்தான் கிடைத்தது.

பள்ளிக்கூடத்துக்கு நானும் போயிருந்தேன். டீச்சர் மேஜையில் குனிந்து, நாக்கின் நுனியைக் கடித்துக்கொண்டு எழுதினாள். கட்டத்தை விட்டுக் கடைசி எழுத்து வெளியே வந்துவிட்டது. "பரவால்லம்மா," என்றார் டீச்சர். என் தங்கை முதல் கையெழுத்துப் போட்ட தேதி 2024 ஆகஸ்ட் 9, வெள்ளிக்கிழமை.