யாரும் தொடாத சிவப்பு

அறுபதுகளின் தொடக்கம். ரத்தப் புற்றுக்குக் கொழும்பு ஆஸ்பத்திரியில் கடுமையான மருந்து ஏற்றிக்கொண்டு அக்கா எங்கள் மலைநாட்டு வட்டகொடை ஸ்டேஷனில் வந்து இறங்கினாள். சில நாளிலேயே அவள் கால் நிறையச் சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளிகள்.

"ஆத்தா வந்திருக்கா" என்றாள் அம்மா. அவ்வளவுதான், மாத்திரை நின்றது. எங்கள் குளிருக்கு வேம்பு வளராது. அப்பா ரயிலேறிக் கீழே போய் வேப்பிலை கொண்டுவந்து தேயிலைத் தோட்டத்து லயத்தில் எங்கள் வீட்டு வாசலில் கட்டினார். தோட்டத்து டாக்டர் ஐயா வாசலில் நின்றபடியே எட்டிப் பார்த்து, "அம்மைதான்" என்று சொல்லிவிட்டுப் போனார். படித்த மனுஷன்!

அக்கா செத்த பிறகு, மிச்ச மாத்திரையைத் திருப்பிக் கொடுக்கப் போன அப்பா புள்ளிகளைப் பற்றிச் சொன்னதும் கொழும்பு டாக்டர் கேட்டார்: "விரலால அழுத்திப் பாத்தீங்களா? சிவப்பு மறையலன்னா அது அம்மை இல்ல, தோலுக்கு அடியில ரத்தம் கசியுது. உடனே கூட்டி வந்திருக்கணும்."

அம்மை கண்டவள் மேல் யார் விரல் வைப்பார்கள்? புள்ளி கண்ட இடத்தை அம்மாகூட வேப்பிலையால்தான் வருடினாள். கடைசியாகக் குளிப்பாட்டும்போதுதான் அவளைத் தொட்டோம். எவ்வளவு அழுத்தித் தேய்த்தும் அந்தச் சிவப்பு மறையவேயில்லை.