ஜெயசீலியின் பதினோரு நிமிஷம்

போன வாரம் எங்கள் ஆல்பம் சி.டி.யாக வந்தது.

எங்கள் ஆல்பமா? ஆமாம். இத்தனை நாள் பத்திரிகையின் இந்தப் பக்கத்தில் எழுதியும் அதைச் சொல்லாமல் மறைத்து வைத்திருந்தேன். எண்பதுகளில், ராஜபாளையத்தில், நான் டிரம்ஸ் வாசித்துக்கொண்டிருந்தேன் — சரி, தட்டிக்கொண்டிருந்தேன்.

கிடார் என் நண்பன் செல்வராஜ், மில் எலக்ட்ரீஷியன். அவனுக்கு எங்கிருந்தோ ப்ராக்ரஸிவ் ராக் கிறுக்கு பிடித்திருந்தது. அந்த வகை ராக்கில் ஆல்பம் முழுக்க ஒரே கதை. ஒவ்வொரு உருப்படியும் பத்து நிமிஷம் ஓடும். "ஏலே, நாமளும் ஒண்ணு போடுவோம். காய் வெடிக்கதுலேருந்து சட்டையாகுத வரைக்கும், ஒரு பஞ்சோட கதை" என்றான். எங்கள் ஊரில் வேறு எந்தக் கதையைச் சொல்வது?

கீபோர்டுக்கு ஜெயசீலி. ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் டைப்பிஸ்ட். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் ஆர்கன். கதையில் பஞ்சு நூலாகிற இடத்துக்கு, பாட்டு வரிகளே இல்லாமல், பதினோரு நிமிஷ இசையை அவரே அமைத்து வாசித்தார். ஸ்பின்னிங் மெஷின் மெல்ல வேகம் பிடிக்கிற மாதிரி ஆரம்பிக்கும்... ஆல்பத்தின் உயிரே அதுதான்.

கேசட் வந்தது. உள்ளே வைக்கிற அட்டையை எழுதியவன் நான். கிடார்: செல்வராஜ். டிரம்ஸ்: நான். ஜெயசீலி? கடைசியில், நன்றிப் பட்டியலில், ரெக்கார்டிங் அன்று பால்கோவா கொடுத்தனுப்பிய கடைக்குப் பக்கத்தில்.

வேண்டுமென்று செய்யவில்லை. யோசிக்காமல் செய்தேன் — அது இன்னும் மோசம்.

அவர் அட்டையைப் படித்தார். "பால்கோவாக் கடையோட என்னையும் சேத்துட்டீகளாண்ணே?" என்றார். குரலை உயர்த்தவில்லை. ஆனால் அதற்குப் பொறவு எங்களோடு வாசிக்க வரவே இல்லை.

தொண்ணூறுகளின் ஆரம்பத்தில் மதுரை கேசட் கம்பெனி ஒன்று அதை மறுபடி வெளியிட்டது. இந்தத் தடவை மறக்காமல் பெயரை எழுதிக் கொடுத்தேன். அச்சாகி வந்ததோ 'கீபோர்டு: ஜெயசீலன்'. போதாததற்கு, டேப் நீளம் பத்தவில்லை என்று அந்தப் பதினோரு நிமிஷத்தையே வெட்டிவிட்டிருந்தார்கள்.

முதல் பதிப்பில் இசை இருந்தது, பெயர் ஒளிந்திருந்தது. இரண்டாவதில் இரண்டும் இல்லை. எந்த முகத்தோடு அவரிடம் காட்டுவது? காட்டவில்லை.

இந்த வருஷம் சென்னையிலிருந்து ஒரு கடிதம். ஹாஸ்டலில் எங்கள் முதல் கேசட்டைத் தேயத் தேயக் கேட்டவராம்; இப்போது சொந்த ஸ்டுடியோ வைத்திருக்கிறார். சி.டி. போட ஆசை. ஆனால் அந்தப் பதினோரு நிமிஷமும் முழுசாக வேண்டும், முதலில் பதிவு செய்த ஒரிஜினல் டேப் ஸ்பூல் எங்கே?

ஸ்பூல் ஜெயசீலியிடம். ரெக்கார்டிங் நடந்தது அவர் வீட்டில்தான்.

பஸ் பிடித்து ஸ்ரீவில்லிபுத்தூர் போனேன். மத்தியான இடைவேளையில் கோர்ட்டுக்கு வெளியே வந்தார். இரண்டாம் கேசட்டையும் எடுத்துக் காட்டினேன். "மன்னிச்சிருங்கம்மா. அன்னைக்கே சொல்லியிருக்கணும்."

அட்டையை வாங்கிக் கண்ணருகே வைத்துப் படித்தார்.

"ஜெயசீலனா... யாரு இவிய?" என்றவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஸ்பூல் தாரேண்ணே. ஆனா இந்தத் தடவை அட்டையை நான்தான் டைப் அடிப்பேன்."

அடித்தார். 'இசையமைப்பு, கீபோர்டு: ஜெயசீலி.' ஒரு எழுத்துப் பிழை கிடையாது. ஒரு பெண்ணின் பெயர் ஒழுங்காக அச்சாக, நம் ஊரில் மூன்று பதிப்பு ஆகிறது.

போன ஞாயிறு அவர் வீட்டில் செல்வராஜும் நானும் உட்கார்ந்து சி.டி.யைக் கேட்டோம். அந்தப் பதினோரு நிமிஷம் வந்தது. ஜெயசீலியின் கால், அங்கே இல்லாத ஆர்கன் பெடலை மிதித்துக்கொண்டிருந்தது.

முடிந்ததும் சொன்னார்: "ஏழாவது நிமிசத்துல ஒரு கட்டையை மாத்தி அமுக்கியிருக்கேன். ஸ்டுடியோக்காரர் சரி பண்ணித் தாரேன்னார். வேண்டாம்னுட்டேன். அதுவும் நான் வாசிச்சதுதான."

"அப்ப என் டிரம்ஸ் தப்பையும் நீங்கதான் விட்டுரச் சொன்னீகளா?"

"இல்லண்ணே. அம்புட்டையும் சரி பண்ண முடியாதுன்னு அவரே சொல்லிட்டார்."