அலமேலு செய்த மருந்து

வெள்ளிக்கிழமை காலை ஆய்வுக்கூடத்துக்குள் நுழையும்போது ஏழுமலையின் அழைப்பு வந்தது. "அக்கா போய்ட்டாங்க சார். மலையிலேர்ந்து கீழ கொண்டாற வழியிலயே." அவருடைய அக்கா, முனைவர் அலமேலு, பல ஆண்டுகளாக என் பக்கத்து மேசையில் வேலை செய்தவர்.

ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூரைத் தாண்டிய ஒரு சிற்றூரில் பிறந்தவர் அவர். நான் அடிவாரத்துக் கலசப்பாக்கத்தான். அதனால் எங்கள் இருவருக்குள் மட்டும் ஊர்ப்பேச்சு ஓடும். மற்றவர்களிடம் அதிகம் பேசமாட்டார். தமக்கு அரிவாள் அணுச் சோகை இருப்பதை என்னிடம் மட்டும்தான் சொல்லியிருந்தார். இரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள் போல வளைந்து நாளங்களை அடைத்துக்கொள்ளும் நோய் அது. வலி வந்தால் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நிற்பார். கேட்டால், "நிக்க முடியுது இல்ல, அது போதும்" என்பார்.

அந்த நோய்க்கே மருந்து செய்யும் வேலை எங்கள் குழுவுக்கு வந்தது. ஹீமோகுளோபினை மட்டும் தேடிப் பிடித்து, அது ஒன்றோடொன்று ஒட்டிச் சங்கிலியாகி அணுவை வளைக்காமல் தடுக்கும் மூலக்கூறு. தொடக்கப் பொருளின் மூலக்கூறில், வேறொன்று வந்து ஒட்டக்கூடிய ஒரே மாதிரி இரண்டு கைகள். ஒன்றில் மட்டும் அடுத்த துண்டு சேர வேண்டும். இரண்டிலும் சேர்ந்து பாழானது. மாதக்கணக்கில் செய்ததையெல்லாம் கீழே கொட்டினோம். ஒரு கையைத் தற்காலிகமாக மூடிவிட்டு, மறு கையில் துண்டைச் சேர்த்து, கடைசியில் மூடியைக் கழற்றும் வழியை அலமேலுதான் சரிப்படுத்தினார். வடிதாளில் படிகங்கள் தங்கிய அன்று நாங்கள் கைதட்டினோம். அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

கொஞ்சம் எடுத்துச் சாப்பிடுங்களேன் என்று மெதுவாகச் சொன்னேன். சிரித்தார். "அதுல இன்னா அழுக்கு கலந்திருக்குன்னு எனக்குத் தெரியும்ங்க. செஞ்சது நான்தானே. மனுஷங்க சாப்பிடறாப்ல செய்யட்டும், சாப்பிடறேன்."

செய்யவில்லை. விலங்குச் சோதனைகளில் நன்றாகத் தேறிய பிறகுதான் எங்கள் மருந்து நிறுவனத்தின் நிர்வாகம் அதை நிறுத்தியது. இந்த நோயாளிகள் பெரும்பாலும் மலைகளில் இருப்பவர்கள், வாங்கும் சக்தி இல்லாதவர்கள் என்று கூட்டத்தில் இயக்குநர் விளக்கினார். அலமேலு எழுந்தார். "எனக்கு இருக்குது சார் அந்த நோவு."

இயக்குநர் வருத்தம் தெரிவித்துவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போனார். சில நாட்களில், முகத்தை வெளுக்கவைக்கும் களிம்புக்கான பொருளைச் செய்யும் பிரிவுக்கு அலமேலுவை மாற்றினார்கள். அதையும் அவர் பழுதில்லாமல் செய்து கொடுத்தார். எனக்கு இன்றுவரை ஆறாதது அதுதான்.

விடுப்பில் ஊருக்குப் போன இடத்தில் நெஞ்சுவலியும் மூச்சுத் திணறலும் வந்திருக்கின்றன. ஜீப்பில் ஏற்றிக் கீழே கொண்டுவந்தார்கள். மலைப்பாதை முடிவதற்குள் முடிந்துவிட்டது.

அடக்கத்துக்குப் போயிருந்தேன். நிறுவனம் அனுப்பிய மலர்வளையத்தில், நோயாளிகளுக்காகவே வாழ்ந்தவர் என்று அச்சிட்டிருந்தது. ஏழுமலை அதை ஓரமாக வைத்தார். அவர் இடுப்பில் பெண்குழந்தை. அதன் கைவிரல்கள் வீங்கிப் பளபளத்தன. கைக்குழந்தைகளிடம் அந்த நோய் அப்படித்தான் தொடங்கும்.

"அக்கா செஞ்ச மருந்து இன்னா ஆச்சு சார்? இதுக்குக் கிடைக்குமா?"

கிடைக்காது என்றேன். அவர் தலையாட்டினார். குழந்தையை மனைவியிடம் கொடுத்துவிட்டு மண் தள்ளப் போனார்.

போய் வாருங்கள், அலமேலு. நீங்கள் செய்த மருந்து ஆய்வுக்கூடத்துக் குளிர்பெட்டியில் கெடாமல் இருக்கிறது.