அச்சாறுக்கு மூன்று நாக்கு

அன்று குசினியில் நான் இருந்தேன். என் புருசன் இருந்தார். அவருடைய தங்கை, என் மச்சாள், காய் வெட்ட வந்திருந்தாள். வேறு ஒருவரும் இல்லை.

வாவிக்கரையில் ஒரு வீட்டில் வயதுக்கு வந்த பிள்ளைக்குச் சாமத்தியச் சடங்கு. சாப்பாட்டுக்கு முப்பது போத்தல் அச்சாறு கேட்டிருந்தார்கள். வருத்தம் வந்து எழும்பிய பிறகு எனக்கு வந்த முதல் ஓடர். இவருடைய தோணிக்கு மீன் படுவது குறைந்து விட்டது. அச்சாறு போட்டுத்தான் வீடு ஓடியது.

கழுத்தில் வந்த கட்டிக்கு ஆஸ்பத்திரியில் கரண்ட் பிடித்தார்கள், கதிர் வைத்தியம். கட்டி போனது. ருசியும் போனது. சோறும் மண்ணும் வாய்க்கு ஒன்றுதான்.

சின்ன வெங்காயம், கரட், பப்பாசிக்காய், கொச்சிக்காய் எல்லாம் வெட்டி வெயிலில் வாட்டியிருந்தோம். கடுகை வினாகிரி விட்டு அரைத்தேன். காயோடு வாளியில் கொட்டிப் பேரீச்சம்பழம் போட்டேன். அதுவரை கை தானாகச் செய்தது. உப்பும் சீனியும் போடும் இடத்தில் நின்றுவிட்டது. அதற்கு நான் ஒருநாளும் அளவு வைத்ததில்லை. நாக்குத்தான் அளவு.

ஒரு கரண்டி வாயில் வைத்தேன். கடுகு எரிந்தது. எரிவு மட்டும்தான்.

மச்சாள் தொட்டு நக்கினாள். "இனிப்புக் கூடிப் போச்சு மச்சாள். உப்புப் போடுங்க."

அவர் விரலை விட்டுப் பார்த்தார். "உப்புப் போதும். சீனிதான் காணாது."

"அண்ணன்ட நாக்கு வெத்தில போட்டுப் போட்டுப் பலகையாப் போச்சு. அதுக்கு என்ன தெரியும்?"

"உனக்குச் சீனி வருத்தம் வந்து எத்தின வருசம்? வெறுந் தேத்தண்ணியே உனக்குப் பாயாசம்தானே."

அவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

"முந்தி நான் போடுறதப் போல இரிக்கா? அத மட்டும் சொல்லுங்க," என்றேன்.

இருவரும் வாளியைப் பார்த்தார்கள். நான் உப்பும் போட்டேன். சீனியும் போட்டேன்.

அவர் ஒரு கரண்டி எடுத்துத் தின்றார். "இப்ப நல்லம் புள்ள. அந்த ருசிதான்."

முன்பென்றால் கேட்காமலே இரண்டாம் தரமும் வாளிக்குள் கை விடுவார். நான் கையில் அடிப்பேன். அன்று செம்பை எடுத்துத் தண்ணீர் குடித்தார். எனக்கு அப்போதே விளங்கிவிட்டது. வேறு காய் வாங்கி வாட்ட நாள் இல்லை. போத்தலில் அடைத்தோம்.

சடங்கு முடிந்தால் வெறும் போத்தலைக் கழுவித் திருப்பித் தருவார்கள். அவர் சைக்கிளில் போய் உரப்பையில் வாங்கி வந்தார். வெறும் போத்தல் என்றால் ஒழுங்கை முடக்கில் திரும்பும்போதே கலகலவென்று கேட்கும். அன்று கேட்கவில்லை. அவர் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார்.

"என்னவாம்?"

"நல்லமாம். சாப்பாடு கூடிப் போய் மிஞ்சிட்டாம்."

"வேற?"

"வேற ஒண்டுமில்ல புள்ள."

என்ன பிழை என்று ஒருவரும் சொல்லவில்லை. உப்பா, சீனியா. ஒன்றைத் திறந்து வாயில் வைத்தேன். கடுகு எரிந்தது.

பிறகு யாரும் அச்சாறு கேட்டு வரவில்லை. திரும்பி வந்த நிறைபோத்தல்கள் சுவரோரம் நிற்கின்றன.

முப்பதில் இருபத்தேழு.