ஸ்டெல்லா டீச்சர் நீக்கிய க்ளோசப்

சிங்கப்பெருமாள் கோவில் ரயில் நிலையத்துக்கு வெளியே ஷேர் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தபோது தலைமையாசிரியை அழைத்தார். "சார், நம்ம ஸ்டெல்லா டீச்சர் தவறிட்டாங்க. காலைல நெஞ்சு வலின்னாங்களாம்." ஒரகடம் வரும்வரை என் மனதில் ஓடியது அவர்கள் முகமல்ல, அவர்களைப் பார்த்து நான் சிரித்த சிரிப்பு.

எங்கள் அரசுப் பள்ளியில் அவர்கள் அறிவியல் ஆசிரியை, நான் தமிழாசிரியன். மாணவர் குறும்படப் போட்டிக்கு யார் பொறுப்பு என்று கேட்டபோது நாங்களெல்லாம் தலையைக் கவிழ்த்துக்கொண்டோம். அவர்கள் கை தூக்கினார்கள். கேமராவைப் பற்றி ஒன்றும் தெரியாது. பிள்ளைகள் செல்போனை ஸ்டாண்டில் மாட்டி, எல்லாவற்றையும் தூரத்திலிருந்தே எடுத்து முடித்தார்கள். திரையிட்டதும் நடுவர் மைக்கில், "இது படமா, சிசிடிவியா?" என்றார். அரங்கம் சிரித்தது. பக்கத்து நாற்காலியில் இருந்த நானும் சிரித்தேன். டீச்சர் எழுந்து, "தப்பு பசங்களது இல்ல சார். எனக்குத்தான் தெரியல" என்றார்கள்.

அடுத்த ஆண்டு பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து அவர்களும் கற்றார்கள். லாங் ஷாட்டில் இடம் தெரியணும், மிட் ஷாட்டில் ஆள் செய்யும் வேலை தெரியணும், க்ளோசப்பில் மனசு தெரியணும் என்பார்கள். கீழிருந்து மேலே பார்க்கும் லோ ஆங்கிளுக்காக மண்ணில் படுத்து எழுந்தால் சேலையெல்லாம் புழுதி. "தூரமாவே நின்னுகினு இருந்தா இன்னாடி தெரியும்? கிட்ட போ" என்று அதட்டல் வேறு.

அந்த ஆண்டு எடுத்த படம், மாணவி பவானியின் அம்மா அமுதாவைப் பற்றியது. வல்லம் வடகாலில் ஒரு தொழிற்சாலையில் வேலை. பவானி ஒரு க்ளோசப் எடுத்திருந்தாள்: தங்கைக்குச் சடை பின்னும் அம்மாவின் கை. இயந்திரத்தில் நசுங்கி, விரல்கள் பாதியில் நின்றுபோன கை. பரிசு நமக்குத்தான் என்றேன்.

போட்டிக்கு முந்தின நாள் அமுதா பள்ளிக்கு வந்தார். கை முந்தானைக்குள் இருந்தது.

"டீச்சர், அந்தக் கைய மட்டும் எடுத்துடுங்க. பொண்ணு கேட்டுச்சேன்னு ஒத்துக்கினேன். ஊரே பாக்கும்னு நெனச்சா அவமானமா கீது."

"இதுல இன்னாம்மா அவமானம்? படத்துக்கு உயிரே அதுதான்" என்றேன் நான்.

டீச்சர் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். "அது பட்டவங்களுக்குத்தான் சார் தெரியும். பக்கத்துல உக்காந்து பாக்குறவங்களுக்குத் தெரியாது."

கோபமே இல்லை. அரங்கில் என் சிரிப்பை அவர்கள் கேட்டிருந்தார்கள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

பவானி அழுதாள். டீச்சர் அவளைச் சமாதானப்படுத்தி, அந்தக் க்ளோசப்பை நீக்கிவிட்டு, அன்று மாலையே கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கும் அமுதாவைத் தூரத்திலிருந்து எடுத்து அந்த இடத்தில் சேர்த்தார்கள். "இங்கே ஒரு க்ளோசப் வேணும்னு கூடவா தெரியாது?" என்று மறுநாள் போட்டியில் நடுவர் கேட்டார். காரணத்தைச் சொல்லியிருக்கலாம். டீச்சர், "ஆமா சார், விட்டுட்டோம்" என்று மட்டும் சொன்னார்கள். அன்றும் நான் பக்கத்தில்தான் இருந்தேன். வாயைத் திறக்கவில்லை.

டீச்சரை அடக்கம் செய்த வடக்குப்பட்டுக் கல்லறைத் தோட்டத்துக்கு, ஷிப்ட் முடிந்த யூனிஃபார்மோடு அமுதா வந்திருந்தார். ஜெபம் முடிந்ததும் எல்லோரும் மண் போட்டார்கள். நான் பின்னால் ஒதுங்கி நின்றேன். "இன்னா சார் அங்கயே நின்னுட்டீங்க? நீங்களும் போடுங்க" என்று அவர்தான் வழிவிட்டார்.

டீச்சர், மன்னிப்புக் கேட்க எனக்கு எத்தனையோ மதிய வேளைகள் இருந்தன. ஒரே மேசையில்தான் சாப்பிட்டோம். கேட்காமலே இருந்துவிட்டேன். ஒரு பிடி ஈர மண்ணோடு உங்கள் முன் குனிந்தபோதும் எனக்குச் சொல் வரவில்லை. நிம்மதியாக உறங்குங்கள்.