ஒன்று குறைத்து எழுதிய மாட்டுக் கொப்பி

அந்த ஆண்டு பங்குனிக்கும் ஆடிக்கும் இடையில் எங்கள் குளக்கட்டுக்குப் பின்னால் இருந்த பற்றைக் காட்டில் ஏழு மாட்டுத் தலைகளை எண்ணினேன். கள்ளர் இறைச்சியை வெட்டிச் சாக்கில் கட்டிக்கொண்டு போய்விடுவார்கள். தலையும் குடலும் ஈ மொய்த்துக் கிடக்கும். ஏழில் இரண்டு, சினைப்பட்ட பசுக்களின் தலைகள். குடலோடு கிடந்த கன்றுகளையும் சேர்த்தால் ஒன்பது. சேர்ப்பதா விடுவதா என்று எனக்கு இன்னமும் முடிவாகவில்லை.

நான் திருகோணமலைத் துறைமுகத்தில் ஒன்பது வருடம் பண்டகசாலைக் கிளாக்கராக இருந்தவன். மூட்டை இறங்க இறங்க நாலு கோடு போட்டு ஐந்தாவதைக் குறுக்கே இழுப்பதுதான் என் தொழில். வெள்ளைக்காரக் கடற்படை துறைமுகத்தை விட்டுப் போனபோது எங்களில் பலருக்கு வேலை போயிற்று. நான் தம்பலகாமத்துக்கு அப்பால் மனைவியின் ஊருக்கு வந்து அவளுடைய சீதன வயலைச் செய்யத் தொடங்கினேன். எண்ணுகிற பழக்கம் மட்டும் போகவில்லை. கதவை இரண்டு தரம் இழுத்துப் பார்ப்பேன். குளக்கட்டில் மருத மரங்கள் எத்தனை என்று இப்போதும் சொல்வேன்: முப்பத்தொன்று. அதில் ஒன்றைப் பற்றித்தான் இங்கே எழுத வேண்டியிருக்கிறது.

ஏழாவது தலை கிடைத்த கிழமையில் கள்ளர் ஒரு மனிதனையும் வெட்டினார்கள். வயல் குடிலில் படுத்திருந்தவர் சத்தம் கேட்டு எழும்பி வந்திருக்கிறார். கத்தி வாயின் ஓரத்திலிருந்து காது வரை கிழித்திருந்தது. வண்டிலில் ஏற்றும்போது தாடையைத் துவாயால் தாங்கிப் பிடித்திருந்தவன் நான். பன்னிரண்டு நாள் இருந்து ஆஸ்பத்திரியில் செத்துப்போனார். பொலிஸ் நிலையம் எங்கள் ஊரிலிருந்து ஒன்பது மைல். அவர்கள் வந்து சேருவதற்குள் இரத்தம் காய்ந்து கறுத்துவிட்டது.

அதன் பிறகுதான் இன்ஸ்பெக்டர் பள்ளிக்கூடத்தில் கூட்டம் வைத்தார். ஊர் தன்னைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார். விழிப்புக் குழு ஒன்று அமைந்தது. நாற்பது மாடும் இருபது ஏக்கர் வயலும் உள்ள போடியார் தலைவர். எழுத்துத் தெரிந்தவன் என்பதால் நான் செயலாளர். எங்களுக்குப் பன்னிரண்டு விசில் தந்தார்கள். பொல்லுத் தடிகளை நாங்களே வெட்டிக்கொண்டோம், இருபத்துநாலு. இன்ஸ்பெக்டர் சொன்ன இன்னொரு வேலை, ஒவ்வொரு வீட்டிலும் எத்தனை மாடு என்று ஒரு கொப்பியில் பதிவது. மாடு குறைந்தால் உடனே தேடலாம், ஒரு பட்டியில் கூடினால் உடனே பிடிக்கலாம் என்பது அவருடைய எண்ணம். நல்ல எண்ணந்தான்.

அறுபத்துமூன்று வீடு ஏறி இறங்கினேன். எங்கள் பகுதியில் மாட்டின் தொகையை யாரும் உள்ளபடி சொல்வதில்லை. ஒன்றோ இரண்டோ குறைத்துத்தான் சொல்வார்கள். உள்ள தொகை வாயால் வெளியே வந்தால் கண்ணூறு பட்டுப் பட்டி கரைந்துவிடும் என்று நம்பிக்கை. அதற்காக யாரும் யாரையும் பொய்யன் என்பதில்லை. கடைசியாக என் வீட்டைப் பதியக் கொப்பியை விரித்தபோது மனைவி குசினிக்குள்ளிருந்து கத்தினாள்.

"மூண்டு எண்டு எழுதுங்கோ!"

"நாலெல்லே நிக்குது?"

"நிண்டால்? பொலிசுக்காரன்ர வாயில எங்கட மாடு விழோணுமே? மூண்டு."

மூன்று என்றுதான் எழுதினேன். துறைமுகத்தில் ஒரு மூட்டை பிசகினால் இரவு நித்திரை வராத நான், அறுபத்துமூன்று வீட்டுப் பிழையையும் நீலக் கோடு போட்ட கொப்பியில் அழகான எழுத்தில் பதிந்து, பொலிசின் முத்திரையும் குத்துவித்துக் கொண்டேன். பின்னேரங்களில் மாடுகள் குளத்தில் தண்ணீர் குடித்துத் திரும்பும்போது அவரவர் பட்டியை அவரவரே எண்ணி, "சரி கிளாக்கர்" என்பார்கள். நான் கோடு போடுவேன். இன்னொருவரின் பட்டியை யாரும் எண்ணியதில்லை.

இரண்டரை மாதம் களவே இல்லை. போடியார் விசிலைக் கழுத்திலிருந்து கழற்றாமல் கோயிலுக்கும் போய் வந்தார்.

அப்புறம் ஒருநாள் பின்னேரம் நாலு மணியளவில் அவருடைய சிவலைக் கிடாரி ஒன்றைக் காணவில்லை. குறி சுடாத கிடாரி. எங்கள் ஊரில் குறி சுடுவது வருடத்தில் ஒருதரம், அறுவடைக்குப் பிறகு. விசில் கேட்டு இருபத்திரண்டு பேர் கூடினோம். பற்றைக்குள் போனோம், வாய்க்கால் வழியே போனோம். வெட்டுப்பட்ட மனிதரின் தம்பி ஒருவன் எங்களோடு வந்தான். வழி முழுவதும் அவன் பொல்லால் பற்றைகளை அடித்துக்கொண்டே வந்தான்.

குளத்தின் கிழக்கு மூலையில் பால்காரர் தன் பட்டியை வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு வந்தார். வெருகல் பக்கத்து ஆள். எங்கள் ஊரில் பெண் எடுத்து ஐந்து வருடம். பால் கறந்து தயிர் போட்டு முட்டி முட்டியாக விற்பார். அவருடைய பட்டியின் நடுவில் ஒரு சிவலைக் கிடாரி. குறி இல்லை.

போடியார் கையை உயர்த்தி எல்லோரையும் நிறுத்தினார். "கிளாக்கர், இவன்ர பதிவு எத்தினை?"

கொப்பியை விரித்தேன். "பதினொண்டு."

"எண்ணும் பாப்பம்."

எண்ணினேன். ஒருமுறை போதாதென்று இரண்டாம் முறையும் எண்ணினேன். எல்லோரும் என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அந்த நேரத்தில் எனக்கு இருந்தது பெருமை. அதை மறைக்க இப்போது வயதில்லை.

"பன்னிரண்டு," என்றேன், எல்லோருக்கும் கேட்கும்படி.

பால்காரர் சிரிக்கப் பார்த்தார். "குறைச்சுச் சொன்னனான் ஐயா. உங்களுக்குத் தெரியாததே? கண்ணூறெண்டு எல்லாரும் சொல்லுறதுதானே…"

"கள்ளனுக்குக் கண்ணூறு வேறயோ!" என்றார் யாரோ. இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். சிரித்தவர்கள் எல்லோரும் தங்கள் மாட்டைக் குறைத்துச் சொன்னவர்கள். நான்தான் எழுதியவன், எனக்குத் தெரியும்.

முதல் அடி வெட்டுப்பட்டவரின் தம்பியுடையது. முழங்காலுக்குப் பின்னால். பால்காரர் குந்தி விழுந்தார். மாட்டுக் கயிற்றாலேயே அவரை மருத மரத்தோடு சேர்த்துக் கட்டினார்கள். வயிற்றிலும் மார்பிலும் கயிறு போனது, கைகள் வெளியே இருந்தன. ஆளுக்கொரு அடி என்று போடியார் சொன்னார். எல்லோரும் அடித்தால் யாரும் யாரையும் காட்டிக் கொடுக்க மாட்டார்கள் என்பது அவர் கணக்கு. அவர் அதை மறைக்கவும் இல்லை, உரக்கவே சொன்னார்.

நான் எண்ணத் தொடங்கினேன். மூன்றாவது அடியில் தோள் எலும்பு விலகியது. சாக்குக்குள் தேங்காய் மோதுவதைப் போல் ஒரு சத்தம். ஐந்தாவதில் அவர் தன் தாயைக் கூப்பிட்டார். எட்டாவதுக்குப் பிறகு கூப்பிடவில்லை. வாயிலிருந்து வழிந்தது மார்பில் கட்டியிருந்த கயிற்றில் ஊறியது. மாடுகள் ஓடவில்லை. பழகிய இடத்தில் பழகிய மனிதருக்குப் பக்கத்தில் அசை போட்டுக்கொண்டு நின்றன. நிறுத்துங்கள் என்று சொல்ல எனக்கு நேரம் இருந்தது. ஒவ்வொரு அடிக்கும் இடையில் நேரம் இருந்தது. நான் அதையெல்லாம் எண்ணுவதில் செலவழித்தேன்.

பதினாறு ஆனபோது போடியார் என்னைப் பார்த்தார். "செயலாளர் கொப்பியோட நிண்டால் சரியே? பிறகு பொலிசில போய்க் கதை சொல்லவோ?"

"எனக்கு ஏலாது போடியார்."

"ஏலும். பிடியும் பொல்லை."

கொப்பியை அக்குளுக்குள் வைத்துக்கொண்டு பொல்லை வாங்கினேன். மெதுவாகத்தான் அடிக்க நினைத்தேன். தொடையைப் பார்த்து ஓங்கினேன். அவர் வலது கையால் தடுத்தார். பொல்லுக்கும் மரத்துக்கும் நடுவில் விரல்கள் அகப்பட்டன. பால் கறக்கிற விரல்கள்.

பதினேழு.

அப்போது அவருடைய மனைவி கட்டின் மேலே ஓடி வந்தாள். புருஷனை ஒருதரம் பார்த்தாள். அழவில்லை. மடியிலிருந்து உப்பை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, "பா… பா… சிவலை" என்றாள். பன்னிரண்டு மாட்டுக்குள்ளிருந்து அந்தக் கிடாரி மட்டும் தலையை நிமிர்த்தி, எங்களுக்கு நடுவால் நடந்து வந்து அவள் கையை நக்கியது.

"போடியார், நான் பால் பருக்கி வளத்தது. தாய் செத்துப்போன கண்டு. இன்னும் என்ன வேணும் உங்களுக்கு? கேட்டுத் துலையுங்கோ!"

பொல்லுகள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின. பிறகு போடியார் சொன்னார்: "உப்பைக் காட்டினால் எந்த மாடுதான் வராது?"

ஓம், ஓம் என்றார்கள் சிலர். எனக்கு அப்போது விளங்கியது. பால்காரர் கள்ளன் இல்லையென்றால் நாங்கள் இருபத்திரண்டு பேரும் வேறு ஏதோ ஆகிவிடுகிறோம். அதனால் அவர் கள்ளனாகவே இருந்தாக வேண்டும். அவரை அவிழ்த்துப் பள்ளிக்கூடத்தில் பழைய மேசைகள் அடுக்கும் தளபாட அறையில் போட்டுப் பூட்டிவிட்டு, ஒருவனைச் சைக்கிளில் பொலிசுக்கு அனுப்பினார்கள். அறை வாசலில் அவருடைய மனைவி குந்திக்கொண்டாள்.

விடிந்ததும் போடியார் என் வீட்டுக்கு வந்தார். கதிரையில் உட்காரவில்லை. "சார்ஜன் வருவான். கொப்பியைக் காட்டும். பதினொண்டு எழுதியிருக்கு, பன்னிரண்டு நிக்குது. வேற ஒரு கதையும் வேண்டாம். ஆள் மறியல்சாலைக்குப் போவான், விசயம் முடிஞ்சுது."

அவர் படலையைத் தாண்டியதும் மனைவி கேட்டாள், "அப்ப எங்கட நாலாவது மாடும் களவெடுத்ததே?"

நான் போய்ப் படலையை இழுத்துப் பார்த்தேன்.

"உங்களைத்தான் கேக்கிறன். மூண்டு எழுதியிருக்கு. நாலு நிக்குது. ஆரிட்டக் களவெடுத்தனீங்கள்?"

சார்ஜன் பின்னேரந்தான் ஒரு கான்ஸ்டபிளோடு ஜீப்பில் வந்தார். தெற்கே காலி நகரிலிருந்து மாற்றலாகி வந்த சிங்களவர், தமிழ் நன்றாகப் பேசுவார். பால்காரரை வெளியே கொண்டுவந்து வாங்குப் பலகையில் இருத்தினார்கள். ஒரு கண் மூடி வீங்கியிருந்தது. வலது கை சீலைத் துண்டில் சுற்றியிருந்தது. அந்தத் துண்டு ஈரமாக இருந்தது. சார்ஜன் அவரைப் பார்த்தார், பிறகு எங்களைப் பார்த்தார், பிறகு கொப்பியைக் கேட்டார்.

கொடுத்தேன். கொடுத்துவிட்டு, "இது பிழையான கொப்பி சேர்," என்றேன். "முழுக்கப் பிழை. என்ர வீட்டிலயிருந்து தொடங்குங்கோ. மூண்டு எண்டு எழுதியிருக்கிறன், நாலு நிக்குது."

"கிளாக்கர்!" என்றார் போடியார்.

"மாடுகள் இப்ப தண்ணிக்கு வரும் சேர். நீங்களே எண்ணிப் பாருங்கோ."

சார்ஜன் குளக்கட்டில் நின்று எண்ணினார். நான் பதிவை வாசித்தேன். ஒன்பது பட்டி எண்ணிய பிறகு நிறுத்திக்கொண்டார். ஒன்பதிலும் கூடியிருந்தது. கடைசியாக எண்ணியது போடியாரின் பட்டி. பதிவு நாற்பது. காணாமல் போன கிடாரி இல்லாமலே நாற்பத்திரண்டு.

"அப்ப இங்க எத்தினை கள்ளன்?" என்று கேட்டார் சார்ஜன். "நான் ஜீப்ல எத்தினை பேர ஏத்துறது போடியார்?"

போடியார் விசிலைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டார். வெட்டுப்பட்டவரின் தம்பி நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். ஒருவர் பின் ஒருவராகச் சனம் கலைந்தது. பால்காரரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஜீப்பில் ஏற்றினார்கள். அவருடைய மனைவி பக்கத்தில் ஏறினாள். அவள் என்னைப் பார்க்கவில்லை.

சார்ஜன் கொப்பியை அக்குளுக்குள் வைத்துக்கொண்டு தன் சின்னப் புத்தகத்தை விரித்தார். "ஐயா எண்ணுற ஆள்தானே. சொல்லுங்க. எத்தினை அடி?"

"பதினாறு," என்றேன்.

யோசித்துச் சொன்னதல்ல. என் மனைவி மாட்டை ஒன்று குறைத்துச் சொன்னதைப் போல வாயில் வந்தது. சொன்ன பிறகுதான் பால்காரர் ஜீப்புக்குள்ளிருந்து தன் திறந்த கண்ணால் என்னைப் பார்ப்பதைக் கண்டேன். சார்ஜனும் அதைக் கண்டார்.

"சரியா? பதினாறா?" என்று அவரைக் கேட்டார்.

பால்காரர் சுற்றிய கையை மற்றக் கையால் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். கட்டியிருந்த நேரமெல்லாம் அவரும் எண்ணியிருப்பார் என்று நான் அதுவரை நினைத்ததில்லை.

"ஓம் சேர்," என்றார். "பதினாறுதான்."

சார்ஜன் எழுதிக்கொண்டார்.