இருட்டில் கேட்ட கேள்விகள்

என் அண்ணியைப் பற்றிப் பத்திரிகைகளில் எழுதுகிறவர்கள் எல்லாரும் அவருடைய படிப்பில்தான் ஆரம்பிக்கிறார்கள். வானியலில் முனைவர் பட்டம், ஒளி கூடிக் குறையும் நட்சத்திரங்களைப் பற்றிய ஆராய்ச்சி, மக்களுக்கு அறிவியலைக் கொண்டுபோனவர் என்று ஒரே பாட்டு. படிக்கும்போதே எனக்கு எரிச்சல் வரும். அவர் செய்த பெரிய காரியம், வாயை மூடு என்று சொன்ன இடத்தில் மூடாமல் இருந்ததுதான். நான் தையல்காரி, வீட்டு முன்னறையில் மெஷின் போட்டுப் பிழைக்கிறவள், அதற்கு மேல் அவருக்கு நாத்தனார். ஒரு நாத்தனார் வாயிலிருந்தே நல்ல வார்த்தை வருகிறது என்றால் விஷயம் இல்லாமலா இருக்கும்?

அண்ணி படிக்கிற காலத்தில் ஒரு கருத்தரங்கில் எழுந்து ஏதோ சந்தேகம் கேட்டிருக்கிறார். மேடையில் இருந்த பேராசிரியர், இதுகூடத் தெரியாமல் இங்கே எப்படி வந்தாய் என்று கேட்க, அரங்கமே சிரித்திருக்கிறது. அதற்குப் பிறகு படிப்பு முடியும்வரை அவர் சபையில் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. "அந்தச் சந்தேகத்துக்கு எனக்கு இன்னும் சரியான பதில் கிடைக்கல. சிரிச்சவங்களுக்கும் தெரியாது, அதனாலதான் சிரிச்சாங்க" என்று என்னிடம் ஒருமுறை சொன்னார். சொல்லும்போதே முகம் சிவந்துவிட்டது. எத்தனை வருடத்துக் கோபம்!

வானாய்வு நிலையத்தில் நல்ல வேலை கிடைத்தும், அதை விட்டுவிட்டு நகரத்துக் கோளரங்கத்துக்கு வந்து சேர்ந்தார். கூடப் படித்தவர்கள் எல்லாம், அவள் படம் காட்டப் போய்விட்டாள் என்று கேலி செய்தார்கள். உண்மையைச் சொன்னால் நானும் செய்தேன். பெரிய குடையைக் கவிழ்த்துப் போட்ட மாதிரி ஒரு கூரை, சாய்ந்து உட்காரும் நாற்காலிகள், நடுவில் ஒரு கருவி. விளக்கை அணைத்தால் கூரை முழுக்க நட்சத்திரம். இதற்குப் போய் இத்தனை படிப்பா என்று கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே ரவிக்கைக்கு அளவு கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

அங்கே அவர் ஒரு வழக்கத்தை ஏற்படுத்தி வைத்திருந்தார். காட்சி முடிந்ததும் மற்ற இடங்களில் விளக்கைப் போட்டுவிட்டு, ஏதாவது கேள்வி உண்டா என்பார்கள். எல்லாரும் காலடியில் செருப்பைத் தேடுவார்கள். அண்ணி விளக்கைப் போடமாட்டார். "இருட்டாத்தான் இருக்கு. யார் கேட்கிறாங்கன்னு யாருக்கும் தெரியாது. என்ன வேணும்னாலும் கேளுங்க" என்பார். முதலில் ஒரு தொண்டை செருமும், அப்புறம் ஒரு கேள்வி வரும், அப்புறம் அடைமழைதான். நிலா ஏன் கூடவே வருகிறது, வானத்துக்கு முடிவு எங்கே, செத்துப்போன நட்சத்திரத்தை எப்படிப் பார்க்க முடியும். கேட்டது யார் என்று திரும்பிப் பார்ப்பதோ விசாரிப்பதோ அங்கே கூடாது. கேள்வி ஓய்ந்து கொஞ்ச நேரம் கழித்துத்தான் விளக்கு எரியும்.

ஒரு நாள் மெஷின் பழுதாகிக் கிடந்ததால், அப்படி என்னதான் நடக்கிறது பார்ப்போம் என்று அவருக்குத் தெரியாமல் சீட்டு வாங்கிக்கொண்டு போனேன். இருட்டில் என் வாய் சும்மா இருக்கவில்லை. குரலைக் கட்டையாக்கிக்கொண்டு, "பூமி இந்தச் சுத்துச் சுத்துதுன்னா நமக்கு ஏன் தலை சுத்தல?" என்று கேட்டுவிட்டேன். அண்ணி, "நல்ல கேள்வி" என்றார். "பஸ் ஒரே சீரா போகும்போது கையில இருக்கிற டீ சிந்தாது. பிரேக் போட்டாத்தான் சிந்தும். பூமி பிரேக் போடுறதே இல்ல. நாமளும் அதோட சேர்ந்து சீரா போறோம்." என் கேள்விக்கு நல்ல கேள்வி என்று அதுவரை யாரும் சொன்னதில்லை. வீட்டுக்கு வந்து ஒன்றும் தெரியாதவள் போல உட்கார்ந்துகொண்டேன்.

வினை வந்தது துறை அதிகாரி ஒருவர் ரூபத்தில். கோளரங்கத்துக்கும் ஊர்க் குடிநீருக்கும் நிதி ஒதுக்குகிற துறைக்கு அவர்தான் தலை. மேற்பார்வைக்கு வந்தவர், இயக்குநரோடு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். கேள்வி நேரத்தில் பின்னாலிருந்து ஒரு குரல், "எங்கேயோ இருக்கிற நட்சத்திரத்துல என்ன வாயு இருக்குன்னு சொல்றீங்களே, எங்க தெருக் குழாயில தண்ணி எப்ப வரும்னு சொல்ல முடியுமா?" என்று கேட்டது. அண்ணி என்ன செய்திருக்க வேண்டும்? வானத்தைப் பற்றி மட்டும் கேளுங்கள் என்று தட்டிக்கழித்திருக்கலாம். எங்கள் அண்ணியாவது தட்டிக்கழிப்பதாவது!

"அதுக்கு வானத்தைப் பார்க்கக் கூடாது, முன்வரிசையைப் பார்க்கணும்" என்றார்.

அரங்கம் விழுந்து விழுந்து சிரித்ததாம். விளக்கு எரிந்ததும் அதிகாரி இரண்டு முறை தொண்டையைச் செருமிவிட்டு, யார் அது என்று கேட்டிருக்கிறார். கூட்டம் கலைந்ததும் இயக்குநர் அண்ணியைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, "குரலை வச்சே உங்களுக்கு ஆளைத் தெரிஞ்சிருக்கும். பேரைச் சொல்லுங்க, விஷயத்தை இத்தோட முடிச்சிடலாம்" என்றார்.

"இருட்டுல கேட்ட கேள்விக்கு முகம் கிடையாது சார்" என்று அண்ணி சொல்லிவிட்டார். கேட்டவர் யார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அண்ணிக்குத் தெரியும் என்று மட்டும் தெரியும்.

அத்தோடு கேள்வி நேரம் போயிற்று. இனி ஒலிப்பதிவுதான், வானொலி அறிவிப்பாளர் ஒருவரின் குரலில் என்று முடிவு செய்தார்கள். அதற்கும் அண்ணியைத்தான் எழுதச் சொன்னார்கள், பேர் மட்டும் போடவில்லை. ஒவ்வொரு பகுதிக்குப் பிறகும் கேள்விக்கென்று அவர் விட்டிருந்த இடைவெளிகளை வெட்டி எறிந்துவிட்டார்கள். அரங்கத்தின் பின்பக்கம் விளக்கு சுவிட்சுகளுக்குப் பக்கத்தில் நின்று அணைப்பதும் போடுவதும்தான் இனி அவர் வேலை. அரங்கத்துக்குள் வாயைத் திறந்தால் வேலை போய்விடும் என்று இயக்குநர் நேரிலேயே சொல்லிவிட்டார்.

புதுக் காட்சியின் முதல் நாள் காலை, வீட்டில் அண்ணன் கெஞ்சாத குறைதான். ஓய்வுக்குக் கொஞ்ச காலம்தான் இருக்கிறது, இத்தனை வருட உழைப்பு வீணாகப் போக வேண்டுமா, இன்று ஒரு நாள் பல்லைக் கடித்துக்கொண்டு இரு என்றான். என்னையும் துணைக்கு அழைத்தான். நானும் ஆமாம் அண்ணி என்று ஒத்து ஊதினேன், வீட்டில் சம்பளம் வாங்குகிற ஆள் அவர் ஒருவர்தான். அண்ணி தலையைப் பின்னிக்கொண்டே, "வாயைத் திறக்கணும்னு நான் போகல. யாராவது கேட்டா, கேட்காத மாதிரி நிக்க என்னால முடியாது" என்றார். அண்ணன் என்னைப் பார்த்தான். காவலுக்கு நானும் கூடப் போனேன்.

அரங்கம் நிரம்பியிருந்தது. முன்வரிசையில் அதே அதிகாரி, பக்கத்தில் இயக்குநர். நான் கடைசி வரிசையில், அண்ணிக்கு எட்டும் தூரத்தில் உட்கார்ந்தேன். விளக்கு அணைந்தது. அறிவிப்பாளர் குரல் தேனாக ஒழுகியது. சனியின் வளையங்கள் கூரையில் வந்ததும் அந்தக் குரல், "இந்த வளையங்கள் எதனால் ஆனவை தெரியுமா?" என்று கேட்டது.

"தெரியாது, சொல்லுங்க" என்றார் இருட்டில் யாரோ ஒரு பெரியவர்.

பனிக்கட்டியும் பாறைத் துண்டுகளும் என்று குரல் சொன்னது. "அப்ப அதெல்லாம் ஏன் சனி மேல விழல?" என்றார் பெரியவர் விடாமல். குரல் அவரைக் காதிலேயே வாங்காமல் அடுத்த கோளுக்குப் போய்விட்டது. "கேட்கிறார்ல, பதில் சொல்லுங்கம்மா" என்றாள் ஒருத்தி. வழக்கமாக வருகிறவள் போலிருக்கிறது. அங்கங்கே முணுமுணுப்பு எழுந்தது. நான் எட்டி அண்ணியின் கையைப் பிடித்தேன். பேசிவிடாதீர்கள் என்று அழுத்தினேன். அவர் என் கையை மெல்ல விலக்கினார்.

"விழுந்துக்கிட்டேதான் இருக்கு" என்று அண்ணியின் குரல் கணீரென்று வந்தது. "ஆனா அது பக்கவாட்டுல போற வேகம் அதிகம். அதனால விழ விழ, சனியைச் சுத்திச் சுத்தி வந்துடுது. நம்ம நிலாவும் அப்படித்தான்."

ஒலிப்பதிவு கத்திக்கொண்டிருந்தது. கருவியை இயக்குகிற தம்பி, யாரும் சொல்லாமலே அதன் சத்தத்தை அடியோடு குறைத்துவிட்டான். அவ்வளவுதான், அடக்கி வைத்திருந்த கேள்விகள் எல்லாப் பக்கமிருந்தும் கொட்டின. முன்னால் இயக்குநர், "யாரது? லைட்டைப் போடுங்க!" என்று கத்தினார். சுவிட்ச் அண்ணியின் கைக்குக் கீழே இருந்தது.

"கேள்வி முடியட்டும் சார்" என்றார் அண்ணி. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வேலை போனால் போகட்டும், நான் ராத்திரி பகலாகத் தைக்கிறேன் என்று அந்த நிமிடம் தோன்றியது.

கேள்விகள் ஓய்ந்தன. இனி விளக்குதான் என்று நான் நினைத்தபோது, முன்வரிசையில் ஒரு தொண்டை இரண்டு முறை செருமியது. பிறகு, சின்னக் குரலில், "பகல்ல இந்த நட்சத்திரமெல்லாம் எங்க போகுது?" என்று ஒரு கேள்வி வந்தது. யாரும் சிரிக்கவில்லை.

"நல்ல கேள்வி" என்றார் அண்ணி. "எங்கேயும் போகல. அதே இடத்துலதான் இருக்கு. சூரிய வெளிச்சத்துல நம்ம கண்ணுக்குத் தெரியல, அவ்வளவுதான்."

எப்போதையும்விடக் கொஞ்சம் அதிக நேரம் காத்திருந்துதான் அவர் விளக்கைப் போட்டார். இயக்குநர் முகம் கடுகடுக்க வந்து நின்றார். அந்தப் பெரியவர் யார், கடைசியாகக் கேட்டது யார், ஒவ்வொரு பேராக எனக்கு வேண்டும் என்றார். அதிகாரி அவருக்குப் பின்னால் கீழே விரிப்பைப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தார்.

"இருட்டுல கேட்ட கேள்விக்கு முகம் கிடையாது சார்" என்றார் அண்ணி, இயக்குநரை மட்டும் பார்த்து.

இயக்குநர் வாயைத் திறப்பதற்குள் அதிகாரி, "அதை விடுங்க" என்றார். "அந்த அம்மா பாட்டுக்குப் பேசட்டும். அந்தப் பதிவை எடுத்துடுங்க." யாரையும் நிமிர்ந்து பாராமல் விறுவிறுவென்று வெளியே போய்விட்டார்.

பஸ்ஸில் திரும்பும்போது எனக்கு நாக்கு துறுதுறுத்தது. ஊரெல்லாம் சொல்லிச் சிரிக்க வேண்டிய கதை அல்லவா? "அண்ணி, அந்தக் கடைசிக் கேள்வி யாரோடதுன்னு உங்களுக்குத் தெரியும்தானே? சும்மா சொல்லுங்க" என்று நச்சரித்தேன்.

அண்ணி ஜன்னல் பக்கம் பார்த்தபடியே, "ரொம்ப நாளைக்கு முன்னாடி ஒருத்தி குரலைக் கட்டையாக்கிக்கிட்டு, நமக்கு ஏன் தலை சுத்தலன்னு கேட்டா" என்றார். "அது யாருன்னு நான் யார்கிட்டயாவது சொன்னேனா?"